நட்டுக்கு இடைவெளியை மூடு, பைப்புக்கு இடைவெளி விடு: அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

பேராக்கில் சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலை ஓரமாக ஒரு சின்ன வெர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் மெஷின், தண்ணி பம்ப், வெல்டிங் எல்லாம் வரும். சில மாதங்களுக்கு முன் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய ரப்பர் ஷீட் ரோலர் ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பால் உறைந்ததும் தகடாக அழுத்தி எடுக்கக் கையால் சுற்றுவார்களே, வார்ப்பு இரும்பில் செய்தது, அதுதான். செம்பனை வந்த பிறகு இதையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போடுவார்கள், இவர் வீட்டு வாசலில் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். "கழட்டி, துரு எடுத்து, பெயிண்டு அடிச்சுக் கொடு தம்பி, அவசரமில்ல," என்றார்.

கழற்றப் போனால் 24 மி.மீ. ஸ்பேனர் நட்டில் ஆடுகிறது, 23 உள்ளே போகவில்லை. வெள்ளைக்காரன் காலத்து நட்டு அது, விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல அளவு முறையில் செய்தது. அந்த முறையில் ஸ்பேனரின் மேல் போட்டிருக்கும் எண் போல்ட்டின் தடிமனைத்தான் சொல்லும், நட்டின் அகலத்தைச் சொல்லாது. ½ அங்குல விட்வொர்த் என்றால் பழைய அளவில் நட்டின் அகலம் 0.92 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23.4 மி.மீ. நம்மிடம் இருக்கும் மில்லிமீட்டர் செட்டில் அதற்கு ஜோடியே கிடையாது. துருப்பிடித்த நட்டில் 24-ஐ வைத்து இழுத்தால் முனை மழுங்கிப் போகும், பிறகு உளியும் வெல்டிங்கும்தான் கதி. அந்த எட்டு நட்டையும், வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வைத்துத்தான் கழற்றினேன், ஒன்றுகூட மழுங்கவில்லை. "அட்ஜஸ்டபிளா? அது நட்டைத் தின்னுடும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நட்டைத் தின்னுவது ஸ்பேனர் அல்ல, அதைப் பிடிக்கும் விதம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்

கைப்பிடியோடு ஒரே துண்டாக அடித்த தாடை ஒன்று இருக்கும், அது அசையாது. இன்னொரு தாடை தலையில் உள்ள பள்ளத்துக்குள் வழுக்கி ஓடும், அதன் அடியில் வரிசையாகப் பற்கள். அந்தப் பற்களில் மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் உருட்டுகிற ஒரு தடித்த திருகு. அந்தத் திருகை ஒரு பின் தாங்கும், பின்னோடு ஒரு சின்ன ஸ்பிரிங். மொத்தமே இவ்வளவுதான். திருகு தாடையை நகர்த்தும், ஆனால் தாடையைத் தள்ளித் திருகைச் சுற்ற முடியாது. நம்பிக்கை இல்லையென்றால் தாடையை விரலால் அழுத்திப் பாருங்கள். திருகின் சரிவு அவ்வளவு குறைவு, அதனால் எவ்வளவு பாரம் வந்தாலும் வாய் தானாகத் திறக்காது. பூட்டு எதுவும் இல்லாமலேயே பூட்டிக்கொள்கிற அமைப்பு இது.

இங்கிலாந்தில் 1840-களிலேயே திருகு வைத்த ஸ்பேனர்கள் வந்துவிட்டன. புல்வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங் என்பவர் பெயரும் அதில் அடிபடும். இன்று நம் கையில் இருக்கும் வடிவத்துக்கு 1892-ல் பேட்டன்ட் எடுத்தவர் சுவீடனைச் சேர்ந்த யொஹான் பெட்டர் யொஹான்சன். என்ஷோப்பிங் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் நட்டுகளுக்குப் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூட்டை ஸ்பேனர் தூக்கிப் போகவேண்டும், அந்தச் சுமையைக் குறைக்கத்தான் இதைச் செய்தார். டென்மார்க்கில் இன்றும் இதற்குச் 'சுவீடன் சாவி' என்றுதான் பெயர். பாஹ்கோ என்ற பிராண்டு அவர் வழியில் வந்ததுதான். மலேசியாவில் மில்லிமீட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும், தோட்டத்து மெஷின்களுக்கு மட்டும் யொஹான்சன் பார்த்த அதே நிலைமைதான்.

நட்டின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது

இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் மற்ற விதிகள் தானாக வந்துவிடும். 10 அங்குல ஸ்பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். நட்டின் நடுவிலிருந்து உங்கள் கை இருக்கும் இடம் 22 செ.மீ. என்று வைப்போம். 20 கிலோ பலத்தில் இழுக்கிறீர்கள், இது பெரிய முக்கல் ஒன்றும் இல்லை. நட்டு 19 மி.மீ. அகலம் என்றால், அதன் ஆறு பக்கங்களில் ஒவ்வொன்றின் நீளமும் 11 மி.மீ. தாடைகள் நட்டை எதிரெதிர் மூலைகளில் அழுத்தும், அந்த இரண்டு அழுத்தங்களுக்கும் நடுவே உள்ள தூரம் அதிகபட்சம் அந்த 11 மி.மீ.தான். 220-ஐ 11-ஆல் வகுத்தால் 20. ஆக, கையின் 20 கிலோ ஒவ்வொரு தாடையிலும் ஏறக்குறைய 400 கிலோவாக விழுகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் நூறு, நூற்றிருபது கிலோ இருக்கும். மூன்றுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை நட்டின் ஒரு மூலையில் அடுக்கி வைத்தமாதிரி.

இப்போது அதே கைப்பிடியில் 60 செ.மீ. பைப்பை மாட்டி இழுக்கிறீர்கள், எல்லோரும் செய்வதுதான். 400 கிலோ 1,000-ஐத் தாண்டிவிடும். அந்தப் பாரத்தைத் தாங்குவது தாடையின் அடியில் இருக்கும் இரண்டு மூன்று பற்கள். அட்ஜஸ்டபிளில் பைப்பு மாட்டாதீர்கள், சுத்தியலாலும் தட்டாதீர்கள். நட்டு அசையவில்லையென்றால் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைக்கலாம், சூடு காட்டலாம், இல்லை பெரிய ஸ்பேனர் எடுக்கலாம். ரோலரின் எட்டு நட்டுக்கு நான் எண்ணெய் விட்டு மூன்று நாள் காத்திருந்தேன்.

இடைவெளியை மூடுவது

நட்டில் ஸ்பேனரை வைக்கிறீர்கள், திருகை உருட்டி மூடுகிறீர்கள், சரி. பெரும்பாலோர் இங்கேயே இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். 1 மி.மீ. இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? 19 மி.மீ. நட்டில் ஸ்பேனர் ஏறக்குறைய 6 டிகிரி வெறுமனே சுற்றிவிட்டு அப்புறம்தான் நட்டைப் பிடிக்கும். பிடிக்கும்போதும் பக்கத்தைப் பிடிக்காது, கூர்மையான மூலையை மட்டும் பிடிக்கும். நாம் போட்ட 400 கிலோவும் அந்த ஊசிமுனை இடத்தில். மூலை மழுங்காமல் என்ன செய்யும்? 3 மி.மீ. விட்டால் ஸ்பேனர் நட்டைத் திருப்பாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் செய்வது இப்படி. வாயை நட்டின் அடிவரை முழுக்க ஏற்று, முனையால் கவ்வாதே. திருகை விரலால் மூடு. பிறகு கைப்பிடியை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே திருகை இன்னும் கொஞ்சம் உருட்டு, முதலில் நின்ற இடத்திலிருந்து எப்போதும் கால் சுற்றாவது மேலே போகும். துருவும் பெயிண்டும் நசுங்கி, தாடை உட்காரும் இடம் கையில் தெரியும். இழுக்கும்போதும் கட்டைவிரல் திருகின் மேலேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஸ்பேனரை எடுத்து வைக்கும்போதும் இதே வேலைதான், சலிப்பாக இருக்கும், ஆனால் வேறு வழி கிடையாது.

எந்தப் பக்கம் இழுப்பது

பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வந்த காலத்தில் என் வலது கை விரல் முட்டி இரண்டு இரும்புச் சட்டத்தில் போய் இடித்துத் தோல் உரிந்தது. ஆலையில் ஃபிட்டராக இருந்த மாமா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கையைக்கூடக் கேட்கவில்லை, "டேய், வாய் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு பாத்தியா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிற்பாடுதான் புரிந்தது.

விதி இதுதான்: அசையும் தாடை இருக்கும் பக்கமாகக் கைப்பிடி நகர வேண்டும். கழற்றினாலும் முறுக்கினாலும் அப்படித்தான், தேவையென்றால் ஸ்பேனரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பார்க்க ஸ்பேனரை மேசையில் படுக்க வைத்துக் கைப்பிடியை உங்கள் பக்கம் திருப்புங்கள். வாய் நேராக மேலே பார்க்காது, அசையும் தாடை உள்ள பக்கமாகச் சாய்ந்திருக்கும், அசையாத தாடை கொஞ்சம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சாய்ந்த பக்கமாக இழுத்தால், இழுப்பில் ஒரு பங்கு நட்டை வாயின் அடிக்குள் தள்ளும், கையின் இழுப்பும் கைப்பிடியோடு ஒரே துண்டான அசையாத தாடையில் போய் விழும். எதிர்ப் பக்கம் இழுத்தால் அதே பங்கு ஸ்பேனரை நட்டிலிருந்து வெளியே உருவும். நழுவும் அந்த நொடியில் உங்கள் முட்டி எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆகவேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

அந்தச் சாய்வு எத்தனை டிகிரி என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில ஸ்பேனர்களில் 15 டிகிரி, பலவற்றில் 22½ டிகிரி. ஆறு மூலை நட்டு 60 டிகிரிக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். இடம் நெருக்கமாக இருந்தால் கைப்பிடியை 60 டிகிரி சுற்ற முடியாது. 15 டிகிரி ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டால் கைப்பிடி 30 டிகிரி தள்ளி நிற்கும், அதாவது சரிபாதி. கொஞ்சம் சுற்று, கவிழ், கொஞ்சம் சுற்று, கவிழ் என்று மூலையிலும் வேலை நடந்துவிடும். 22½ என்றால் கவிழ்க்கும்போது 45 தள்ளி நிற்கும், இது நான்கு மூலை நட்டுக்குத்தான் சரிபாதி. பழைய மர வண்டி, தேக்குக் கதவு இவற்றில் நான்கு மூலை நட்டு இன்னும் பார்க்கலாம். ஆனால் ஒன்று, கவிழ்த்துப் போட்டால் அசையும் தாடை எதிர்ப் பக்கம் போய்விடும். ஆக, ஒன்று விட்டு ஒரு பிடி தவறான பக்கத்துப் பிடிதான். நட்டு ஏற்கெனவே இளகிவிட்ட பிறகு மட்டும் இந்த வித்தையைக் காட்டுங்கள்.

பைப்பு வேறு கதை

லயத்து வீட்டில் ஒரு பழைய இரும்புப் பைப்பைக் கழற்றவேண்டும். ½ அங்குலப் பைப்பு என்பார்கள், ஆனால் வெளியே அளந்தால் 21.3 மி.மீ. இருக்கும், அரை அங்குலம் என்பது உள்ளே தண்ணி ஓடும் இடத்துக்கு வைத்த பெயர். அந்தப் பைப்பில் வழவழப்பான தாடையை வைத்தால் இரண்டே கோடுகளில்தான் தொடும், பிடிக்க மூலை கிடையாது, உருண்டு ஓடும். இன்னும் முறுக்கினால் பைப்பு நசுங்கும்.

இதற்கு அமெரிக்காவில் டேனியல் ஸ்டில்சன் என்பவர் வழி கண்டுபிடித்து 1869, 1870-ல் பேட்டன்ட் எடுத்தார். அதனால்தான் பழைய ஃபிட்டர்கள் இன்றும் பைப் ரென்ச்சை 'ஸ்டில்சன்' என்றே கேட்பார்கள். அவர் செய்தது வினோதமான காரியம். நாம் இதுவரை "தாடை ஆடக்கூடாது" என்று பேசிக்கொண்டிருந்தோம், அவர் வேண்டுமென்றே தாடையை ஆட விட்டார். கொக்கி மாதிரி இருக்கும் மேல் தாடையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கூட்டுக்குள் லொடலொட என்று அசையும், ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துவிட்டு "லூசா இருக்கே" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போன கதையும் உண்டு. கைப்பிடியை இழுக்கும்போது கொக்கி சாய்ந்து, இரண்டு தாடைகளுக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கும், எதிரெதிராக வெட்டிய பற்கள் பைப்பில் இறங்கும். சுருக்கு முடிச்சு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். திருப்பிச் சுற்றினால் உடனே விட்டுவிடும். அதனால் கையை எடுக்காமல் சட்சட்டென்று அடுத்த பிடிக்குப் போகலாம்.

அந்தச் சாய்வு நடக்க இடம் வேண்டும். நட்டு ஸ்பேனரைப்போல வாயின் அடிவரை பைப்பை ஏற்றிவிட்டால் கொக்கி சாய முடியாது, ரென்ச் வழுக்கும். பைப்பு பற்களின் நடுவில் உட்கார வேண்டும். பைப்புக்கும் கொக்கியின் முதுகுத் தண்டுக்கும் இடையே ஒரு விரல் கனம், 12 மி.மீ. போல, வெற்றிடம் தெரிய வேண்டும். இழுக்கும் பக்கம் வாய் திறந்திருக்கும் பக்கம். முதலில் லேசாக இழுத்துப் பார்த்து, பல் கடித்துவிட்டது என்று கையில் தெரிந்த பிறகு பலம் போடுங்கள்.

லயத்து வீட்டு வேலையில் இன்னொன்று. ஒரு ரென்ச் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒன்றால் சாக்கெட்டை, அதாவது இரண்டு பைப்பைச் சேர்க்கும் இணைப்பை, திருப்பும்போது இன்னொன்றால் சுவரிலிருந்து வரும் பைப்பை எதிர்ப் பக்கமாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடிக்காமல் திருப்பி, சுவருக்குள் வளைவில் இருந்த பைப்பு இணைப்பு உடைந்து, சிமெண்டை உடைத்து, ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் தண்ணி இல்லாமல் செய்தவன் நான். அந்த வீட்டு அக்கா இன்றைக்கும் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தால், "பைப்பு நல்லா இருக்கு தம்பி" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அளவுக்கு: 10 அங்குல ரென்ச் 1½ அங்குலப் பைப்பு வரை திறக்கும், 14 என்றால் 2 அங்குலம், 18 என்றால் 2½, 24 என்றால் 3. வீட்டு வேலைக்கு 10-ல் ஒன்றும் 14-ல் ஒன்றும் போதும். குரோம் பூசிய குழாய், பித்தளை இணைப்பு இவற்றில் பைப் ரென்ச் வைத்தால் பல் தடம் ஆயுசுக்கும் போகாது. அங்கே வழவழப்பான தாடைதான், அதுவும் துணி சுற்றி.

இரண்டுக்கும் ஒரே கருவி?

கடையில் இப்போது அசையும் தாடையைக் கழற்றித் திருப்பிப் போடுகிற மாதிரி ஸ்பேனர் கிடைக்கிறது. ஒரு பக்கம் வழவழப்பு, நட்டுக்கு. மறுபக்கம் பல், பைப்புக்கு. நான் ஒன்று வைத்திருக்கிறேன், மோட்டார் சைக்கிள் பெட்டியில் தூக்கிப் போக வசதி. ஆனால் மேலே சொன்னதை வைத்து நீங்களே தீர்ப்பு சொல்லலாம்: அதில் கொக்கி சாய்வது கிடையாது. பல் இருக்கிறது, இழுக்க இழுக்க இறுகும் குணம் இல்லை, திருகால் இறுக்கியது மட்டும்தான் பிடி. வெளியே தெரியும் சின்னப் பைப்பு, லேசாகத் துருப்பிடித்தது என்றால் ஆகும். பத்து இருபது வருடம் இறுகிப்போன சாக்கெட்டை அதை வைத்து ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கடையில் பார்க்கவேண்டியது

ஹார்ட்வேர் கடையில் தவுக்கே (முதலாளி) பார்க்கட்டும் பரவாயில்லை, கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைதான். வாயைப் பாதி திறந்து அசையும் தாடையை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடும், ஆடாமல் இருக்காது. ஆனால் தாடையின் முனை கண்ணுக்குத் தெரியும்படி சரிந்தால் வேண்டாம். அப்புறம் வாயை முழுக்க மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு தாடைகளுக்கும் நடுவே அடியிலிருந்து முனைவரை ஒரே மாதிரி இருக்கவேண்டும், முனையில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் பாரம் ஏறும்போது இன்னும் விரியும். டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை வாயின் அடியில் ஒருமுறை, முனையில் ஒருமுறை கவ்விப் பார்ப்பது அதைவிட நல்லது, உருட்டுத் திருகு இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் தாடைகள் நேராக இருக்கின்றன.

குரோம் வெனேடியம் (உறுதியான எஃகு வகை) என்று உடம்பில் எழுதியிருந்தால் நல்லது, எழுத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். பத்து வெள்ளிக்கு வாங்கி முதல் வாரமே பல் போன ஒன்றிலும் அந்த எழுத்து அழகாக இருந்தது. 8 அங்குலம் ஏறக்குறைய 24, 25 மி.மீ. திறக்கும், 10 அங்குலம் 30 வரை. முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8 வாங்குங்கள். 10 வைத்திருப்பவன் 13 மி.மீ. நட்டையும் அதே வேகத்தில் முறுக்குவான், அந்த நட்டுக்குள் இருக்கும் 8 மி.மீ. போல்ட்டு முறிந்து கையோடு வந்துவிடும். நம் கணக்கில் வந்த 20 கிலோ, 22 செ.மீ. என்பது ஏறக்குறைய 43 நியூட்டன் மீட்டர், அந்த போல்ட்டுக்கு 25 போல இருந்தாலே போதும். பிளாஸ்டிக் உறை போட்ட கைப்பிடி கைக்கு இதம், கரண்டு வேலைக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

கழற்றிச் சுத்தம் செய்வது

உருட்டுத் திருகு கரகரவென்றால், அல்லது தானாகச் சுற்றி வாய் திறந்துகொண்டால், தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தலையின் பக்கவாட்டில் திருப்புளி வைக்கும் வெட்டோடு ஒரு சின்னப் பின் முனை தெரியும். வாயின் மேல் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு அதைக் கழற்றுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அரிசி அளவுதான், குதித்து ஓடினால் மணலில் தேடவேண்டியதுதான். பின் வந்ததும் உருட்டுத் திருகு கையில் விழும், தாடை வழுக்கி வெளியே வரும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேயுங்கள். பள்ளத்துக்குள் இறுகிய செம்மண்ணும் கிரீசும் சேர்ந்த அழுக்கு கல் மாதிரி இருக்கும், அதற்கு ஒரு மெல்லிய ஊக்கு வேண்டும்.

காய்ந்ததும் தாடையின் பற்களை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் அந்த ஸ்பேனரின் ஆயுள் அவ்வளவுதான், அரம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பற்கள் முழுதாக இருந்து ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தால், பேனா ஸ்பிரிங்கிலிருந்து மூன்று சுற்று வெட்டிப் போட்டுப் பாருங்கள், என்னுடையதில் நாலு வருடமாக அதுதான் ஓடுகிறது. தாடையைப் பாதி வரை செருகி, உருட்டுத் திருகை இடத்தில் பிடித்து, பற்கள் மாட்டியதா என்று பார்த்துவிட்டு, ஸ்பிரிங், பின் என்ற வரிசையில் உள்ளே விடுங்கள். பின்னை இறுக்கும்போது திருகு சுலபமாக உருளும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியில் எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும், கிரீஸ் வேண்டாம், கிரீஸ் மறுபடியும் மண்ணைத்தான் பிடிக்கும்.